சந்தைப் பை பிள்ளையின் கையில்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போது ஐந்தாறு வயதுப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சின்னப் பையும் ஐம்பது ரூபாயும் கொடுத்து, என்ன வாங்குவது என்பதை அவர்களிடமே விடுங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காய் (புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்க் காய்!) கண்ணில் பட்டால் காம்பைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு ஏன் முள்ளு?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், இதுதான் முக்கியம்.

வீட்டில் கழுவலாம், எண்ணலாம், வரையலாம். எதில் மனசு போகிறதோ அதைச் செய்யட்டும். பிள்ளை ஒன்றில் மூழ்கியிருக்கும்போது குறுக்கிடாதீர்கள் என்பார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி. சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.