முதல் கூடார இரவுக்கு மூட்டை கட்டுவது எப்படி?

நான் முதன்முதலாகக் கூடாரத்தில் தங்கியது எங்கள் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில், ஒரு மார்கழி மாதத்தில். குளிருமே என்று வீட்டிலிருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டையும் மேலே போர்த்திக்கொண்டு, கீழே ஒரு ஜமுக்காளத்தை மட்டும் விரித்துப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு முதுகு சில்லிட்டு விழிப்பு வந்துவிட்டது. விடியும்வரை குந்தியே உட்கார்ந்திருந்தேன். காலையில் காபித் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான நண்பனின் அப்பா என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "போர்த்தியது இருக்கட்டும் தம்பி, கீழே என்ன விரித்தாய்?"

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் தவறுகிறார்கள். பகலை நினைத்து மூட்டை கட்டுகிறார்கள். அந்தி முதல் விடியல்வரை ஒவ்வொரு மணி நேரத்தையும் மனத்தில் ஓட்டிப் பார்த்து மூட்டை கட்டினால், எது தேவை, எது சுமை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதல் படி: இடம்

இடம் முடிவாகாமல் பையைத் திறக்காதீர்கள். முதல் இரவுக்குத் தெரிந்தவரின் பட்டா நிலமே சிறந்தது. தோட்டமோ தோப்போ, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம்; சித்தேரி மலையானாலும் மேலகிரியானாலும் இதுதான் சட்டம். காட்டுப் பாதையில் நடக்க ஆசை இருந்தால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் போகலாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி வட்டாரங்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்கூட்டங்கள் வயல்களுக்கு வரும். அந்த மாதங்களில் காட்டோர நிலத்தில் கூடாரம் போடவே வேண்டாம். உள்ளூர் விவசாயி "இங்கே வேண்டாம்" என்றால் மறுபேச்சின்றிக் கிளம்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: படுக்கை

பையில் முதலிடம் இதற்குத்தான். கம்பளி நம்மைச் சூடாக வைத்திருப்பது தன் இழைகளுக்கு இடையே பிடித்து வைத்திருக்கும் காற்றால். அதன்மேல் நாம் படுத்ததும் அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடுகிறது. பிறகு உடம்பின் சூடு நேராக மண்ணுக்கு இறங்கும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் இது நிற்காது. எனவே கீழே விரிப்பது நசுங்காத பொருளாக இருக்க வேண்டும்.

சுருட்டி எடுத்துப் போகக்கூடிய ஃபோம் விரிப்பு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் இருந்தால் நம் ஊர்க் குளிருக்குப் போதும். எடையும் மிகக் குறைவு. அது இல்லையென்றால் அடியில் தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்த கம்பளி என்று விரியுங்கள். போர்த்திக்கொள்ள இன்னொரு கம்பளி. தூங்குவதற்கென்றே ஒரு உலர்ந்த சட்டை, ஒரு ஜோடிக் காலுறை, ஒரு குல்லா ஆகியவற்றைத் தனியாக வைத்திருங்கள். பகலில் வியர்த்த துணியோடு படுத்தால் அந்த ஈரமே குளிரைக் கொண்டுவரும்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. தருமபுரி நகரத்தைவிட வத்தல்மலை சில நூறு மீட்டர் உயரம். நகரத்தின் வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதையே நம்பி ஏறாதீர்கள்.

மூன்றாம் படி: கூடாரம்

முதல் பயணத்துக்கே புதிதாக வாங்க வேண்டியதில்லை. இரவல் கிடைத்தால் போதும். இரண்டு பேருக்கு மூன்று பேர் கூடாரம் வசதி. இரண்டு அடுக்கு உள்ளதாகப் பாருங்கள்: உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி. தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, ஜிப் முழுவதுமாக மூட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைப் படுக்கையிலேயே கடித்துவிடும். பெரும்பாலும் வலிகூடத் தெரியாது. மூடிய ஜிப்தான் உங்களுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் சுவர்.

விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். துணியில் கடுகு கடுகாக நீர் முத்துக்கள் கோத்திருக்கும். ஒரு விரல் பட்டால் நாலைந்து ஒன்றுசேர்ந்து கோடாக வழிந்து உங்கள் கம்பளியில் இறங்கும். கூடாரம் ஒழுகுகிறது என்று பதறாதீர்கள், அது உங்கள் மூச்சுக் காற்றின் ஈரம்தான். காற்றுத் துளைகளைத் திறந்து வைத்தால் பெருமளவு குறையும்.

நம் மாவட்டத்துச் சரளை மண்ணில் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துவிடும். நான்கைந்து இரும்பு முளைகளும் பத்து மீட்டர் நைலான் கயிறும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். இறங்கவே மறுத்தால் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டிவிடலாம்.

நான்காம் படி: வெளிச்சமும் காலணியும்

நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். மாற்று பேட்டரியை மறக்காதீர்கள். கைப்பேசி விளக்கை நம்ப வேண்டாம். அவசரத்துக்குப் பேச அதன் சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். காலணியைக் கூடாரத்துக்குள் வைத்தே தூங்குங்கள். காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் பதுங்க விரும்பும் இடம் அது.

ஐந்தாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

முதல் இரவே அடுப்பு மூட்டிக் களி கிண்ட ஆசைப்படாதீர்கள். வீட்டில் செய்த புளிசாதம் மறுநாள் காலைவரை தாங்கும். புளிக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு வேறு என்ன கட்டிக்கொண்டு போவது? வறுத்த வேர்க்கடலை, வெல்லம், வாழைப்பழம் போதும். கூடவே ஆளுக்கு நான்கு நெல்லிக்காய். ஏற்றத்தில் நா வறளும்போது ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண்ணில், அதாவது இன்றைய தருமபுரியில், அந்த இனிப்பு எனக்கு எப்போதும் ஒரு படி கூடுதலாகவே தெரிகிறது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். ஊற்று இருக்கிறது என்று யார் சொன்னாலும் முதல் நாளுக்கானதைக் கையோடு கொண்டுபோங்கள். மீந்த உணவை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். குப்பைக்கு ஒரு சாக்குப்பை வேண்டும். கொண்டுபோன உறை ஒவ்வொன்றும் அதில் திரும்பி வர வேண்டும்.

ஆறாம் படி: மருந்து

அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கொசு களிம்பு. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. தங்கும் இடத்தில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மாடியில் ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மொட்டை மாடியில் கூடாரம் போட்டு ஓர் இரவு தூங்குங்கள். அங்கே முளை அடிக்க முடியாது; மூலைகளில் தண்ணீர் நிரப்பிய கேன்களை வைத்துக் கட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் ஜிப்பையும் நெற்றி விளக்கையும் தேடி எடுத்துப் பழகுங்கள். எதை எடுக்கக் கீழே இறங்கி ஓடினீர்களோ அதை எழுதி வையுங்கள். எந்தப் பொருளைத் தொடவே இல்லையோ, மருந்தையும் மழைக்கோட்டையும் தவிர மற்றதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எட்டாம் படி: பையை அடுக்குதல்

படுக்கையும் இரவுத் துணியும் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றப்பட்டு அடியில் போக வேண்டும். கனமான உணவும் தண்ணீரும் நடுவில், முதுகை ஒட்டி இருக்கட்டும். கூடாரமும் மழைக்கோட்டும் எல்லாவற்றுக்கும் மேலே. நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், மற்றவற்றைக் கலைக்காமல் கூடாரத்தை மட்டும் உருவ முடியும். விளக்கு மேல் பாக்கெட்டில். மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், மறுபடியும் பிரித்துக் குறையுங்கள்.

திரும்பி வந்த அன்றே கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்து, கொடியில் போட்டு நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நாறும், இரவல் கொடுத்தவரிடம் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது.