லினக்ஸில் மென்பொருளை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் சென்ற வாரம் தமது கணினித் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையில் லாகின் என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. "வேறொன்றும் செய்யவில்லை, பழைய பைத்தானை மட்டும்தான் நீக்கினேன்" என்று எழுதியிருந்தார். பைத்தான் ஒரு நிரல்மொழி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறத்தாழ இதே சொற்களைத்தான் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். நிர்வாகி உரிமை தரும் சுடோவை மறப்பது, பொதியின் (ஒரே தொகுப்பாக நிறுவப்படும் மென்பொருளின்) பெயரைப் பிழையாகத் தட்டுவது போன்றவற்றைக் கட்டளைகள் இடும் டெர்மினலே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கட்டளைகள் டெபியன், உபுண்டு வகை அமைப்புகளுக்கானவை.

பட்டியலைப் படிக்காமல் சம்மதிப்பது

பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி ஆப்ட். நீக்குவதற்கான ஆப்ட் ரிமூவ் கட்டளையை இட்டவுடன், கேட்ட பொதியோடு சேர்ந்து நீங்கப்போகும் மற்றப் பொதிகளின் பெயர்களும் திரையில் வரிசையாக வரும். ஒரு பொதியை நீக்கினால் அதைச் சார்ந்து இயங்குபவையும் போயாக வேண்டும் என்பது ஆப்டின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. பிழை நம்முடையது. பட்டியலின் கீழே எத்தனை பொதிகள் நீங்கும், வட்டில் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்ற விவரமும், தொடரலாமா என்ற கேள்வியும் இருக்கும். அந்தக் கேள்வியில் பெரும்பாலும் ஆம் என்பதற்கான ஒய் (Y) பெரிய எழுத்தாகவும் இல்லை என்பதற்கான என் (n) சிறிய எழுத்தாகவும் அச்சாகியிருப்பதன் பொருள், எதையும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்தினாலே அது சம்மதம் என்பதுதான்.

புதிய பைத்தான் பதிப்பை நிறுவியிருந்த நான், பழையது வீணாக இடத்தை அடைக்கிறது என்று எண்ணி அதை நீக்கச் சொன்னேன். திரை நிறையப் பெயர்கள் ஓடின. அவற்றை ஏதோ வழக்கமான செய்தி என்று கருதி என்டரை அழுத்திவிட்டுத் தேநீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது சாளரங்களின் ஓரங்கள் கழன்றிருந்தன. மறுதொடக்கத்துக்குப் பின் டெஸ்க்டாப்பே இல்லை. உபுண்டுவில் புதுப்பிப்பு மேலாளர், யூஎஃப்டபிள்யூ என்னும் தீயரண் கருவி ஆகியவை பைத்தானில் எழுதப்பட்டவை. பல பதிப்புகளில் டெர்மினலைத் திறந்துவைக்கும் சிறு நிரலும் அப்படித்தான். அந்தப் பைத்தான் அமைப்பின் சொந்தத் தேவைக்கானது என்பதும், புதிய பதிப்பு அதன் அருகிலேயே தொந்தரவின்றி இருந்துகொள்ளும் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது அந்த அறியாமை அன்று. எச்சரிக்கை முழுவதும் கண்முன் எழுதியிருந்தும் நான் படிக்கவில்லையே என்பதுதான். இதைவிட மோசமானது, யாரோ எழுதிய கட்டளையை மைனஸ் ஒய் என்ற தெரிவோடு அப்படியே ஒட்டுவது. அப்போது கேள்வியே எழாது. பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி இட்டால் பொருந்தும் பெயர்கள் அனைத்தும் வலையில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்ட் ரிமூவோடு மைனஸ் எஸ் சேர்த்தால் எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் நடக்கும். நீங்கவிருப்பவை ஒன்றிரண்டு என்றால் சரி. ஐம்பது என்றால் கையை எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப் என்ற சொல்லில் முடியும் பெயர் பட்டியலில் இருந்தால் இரண்டாம் முறை படியுங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால், வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி லாக் என்ற கோப்பைத் திறவுங்கள். எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால், எவையெவை நீங்கின என்பது அதில் பதிவாகியிருக்கும். படம் அனுப்பியவருக்கு அந்த வரியைப் பார்த்துத்தான் உபுண்டு டெஸ்க்டாப் பொதியையும் விடுபட்ட மற்றவற்றையும் மீண்டும் நிறுவிக் கொடுத்தோம். கம்பியில்லா இணைப்பு எழாததால் கேபிளைச் செருக வேண்டியிருந்தது.

கோப்பை நேரடியாக அழிப்பது

நிரல் இருக்கும் கோப்பைத் தேடிப்பிடித்து ஆர்எம் கட்டளையால் அழித்தால், அந்தப் பொதி இன்னும் நிறுவப்பட்டிருப்பதாகவே, ஆப்டுக்கு அடியில் பொதிகளின் கணக்கை வைத்திருக்கும் டிபிகேஜி நம்பிக்கொண்டிருக்கும்; அடுத்த புதுப்பிப்பில் அழித்த கோப்பு திரும்பி வந்து நிற்கும். ஒரு கோப்பு எந்தப் பொதிக்குரியது என்று அறிய, டிபிகேஜியோடு மைனஸ் பெரிய எஸ் இட்டுக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

எதற்கெடுத்தாலும் பர்ஜ்

ரிமூவ், இடிசி கோப்புறையிலுள்ள, மென்பொருளின் அமைவுகளைக் குறித்துவைக்கும் கோப்புகளை விட்டுவைக்கும். பர்ஜ் அவற்றையும் நீக்கும். வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருப்பவற்றை இரண்டுமே தொடுவதில்லை. ஆனால் மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளச் சேவையகத்தைப் பர்ஜ் செய்யும்போது தரவுகளையும் அழிக்கவா என்ற கேள்வி எழக்கூடும். காப்புப்பிரதி எடுக்காமல் அந்தக் கேள்விவரை போகாதீர்கள்.

ஆட்டோரிமூவை அனிச்சையாக இடுவது

வேறு பொதிகளுக்குத் துணையாக வந்து இப்போது தேவைப்படாதவற்றை நீக்கும் கட்டளை இது. அதற்கும் ஒரு பட்டியல் வரும். வேண்டிய பெயர் அதில் தென்பட்டால் முதலில் ஆப்ட் மார்க் மேனுவல் என்ற கட்டளையால், நீங்களே நிறுவியதாக அந்தப் பொதியைக் குறித்துவையுங்கள்.

ஸ்னாப்பில் வந்ததை ஆப்டில் தேடுவது

ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகியவை ஆப்ட் அல்லாத வேறு நிறுவும் வழிகள். எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே நீக்குங்கள், ஃபிளாட்பேக்குக்கும் இதுவே.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நீக்குவது

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு. இப்போது ஓடுவது எது என்று யூநேம் மைனஸ் ஆர் கட்டளை காட்டும் பதிப்பைத் தொடாதீர்கள்.