அன்பியக் கூட்டம்: ஒரு மணி நேரத்தில் உருப்படியாக நடத்த

ஐந்நூறு குடும்பமுள்ள கத்தோலிக்கப் பங்கில், பங்குத்தந்தை ஆண்டுக்கொரு முறை எல்லா வீட்டையும் செபித்து மந்திரித்து முடிப்பதே பெரிய காரியம். அடுத்த தெருவில் யாருக்கு டயாலிசிஸ், யார் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் பாக்கி என்பதெல்லாம் ஞாயிறு பூசையில் தெரியவராது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவான அன்பியம் அதற்குத்தான்.

ஒரு அன்பியத்துக்கு 20 முதல் 25 குடும்பம் போதும். முப்பதைத் தாண்டினால் இரண்டாக்குங்கள். எல்லை போடும்போதுதான் கவனம் வேண்டும். தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகப் பிரிந்துவிடும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். அங்கே இரண்டு தெருவையும் சேர்த்தே கோடு போடுங்கள். முதல் சில மாதம் சிலர் வரமாட்டார்கள். அதற்காகக் கோட்டை மாற்றினால், பிறகு எந்தப் பங்குத்தந்தை வந்தாலும் திருத்த முடியாது.

மாதம் இருமுறை, ஒரே கிழமை, இரவு 7.30. வீடுகள் முறைவைத்து. தேநீரும் பிஸ்கட்டும் போதும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டில் கேசரி வந்தால் அடுத்த வீட்டில் பிரியாணி வரும். ஒண்டுக்குடித்தனக்காரர் தன் முறை வரும் வாரம் சொந்த ஊருக்குப் போய்விடுவார். வீடு சிறிதென்றால் வாசலில் பாய் விரிக்கலாம். ஒரு மெழுகுதிரி, ஐந்தாறு திருவிவிலியம், ஒரு நோட்டு வேண்டும்.

கூட்டத்தின் முதுகெலும்பு நற்செய்திப் பகிர்வு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்னும் கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் உருவான ஏழு படி முறையே பரவலாக வழக்கில் இருக்கிறது. வரும் ஞாயிறு பூசையில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதியை எடுங்கள். இறைவனை அழைக்கும் செபம், 3 நிமிடம். வாசகம், 5 நிமிடம். மூன்றாம் படியில் மனதில் பட்ட சொல்லை மட்டும் ஒவ்வொருவரும் மும்முறை சொல்வார்கள், 8 நிமிடம். நல்ல சமாரியர் பகுதி என்றால் ‘பரிவு கொண்டார்’ என்பதோடு நிறுத்த வேண்டும், விளக்கம் கூடாது. பிறகு 5 நிமிடம் மௌனம். பழகாதவர்களுக்கு இது நெளிய வைக்கும். பாட்டைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

ஐந்தாவது பகிர்வு, 15 நிமிடம். இங்கேதான் ஒருவர் மறையுரை ஆற்றத் தொடங்குவார், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர். “அண்ணே, அது உங்களுக்கு என்ன சொல்லுச்சு?” என்று கேட்டால் பேச்சு தன்னால் ‘நான்’ என்பதற்குத் திரும்பும்.

ஆறாவது செயல்பாடு, 15 நிமிடம். நேரம் ஆகிவிட்டதென்று முதலில் வெட்டப்படுவது இதுவே. இது போனால் மிஞ்சுவது செபமாலைக் கூட்டம்தான். செபமாலையை வீட்டிலேயே சொல்லலாமே. போன முறை ஏற்ற வேலை நடந்ததா என்று நோட்டைப் பார்த்துத் தொடங்குங்கள். புதிய வேலையை யார், என்ன, என்றைக்கு என்று எழுதுங்கள். ‘நோயாளிகளைச் சந்திப்போம்’ என்றால் யாரும் போகமாட்டார்கள். ‘வியாழன் மாலை ஐந்து மணிக்கு இன்ன இருவர் ஆட்டோ பிடித்து ஜி.எச். போகிறார்கள்’ என்றால் நடக்கும். நோயாளி கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. கடைசி 7 நிமிடம், அவரவர் சொந்த வார்த்தையில் மன்றாட்டு.

திருவிழா வரி வசூலை அன்பியப் பொறுப்பாளர் தலையில் கட்டாதீர்கள்; அப்புறம் அவர் வந்தாலே கதவு திறக்காது. வசூலுக்கு வேறு ஆள் போகட்டும். பொறுப்புக்கு மூன்றாண்டு போதும், துணைப் பொறுப்பாளர் கட்டாயம்.

தெருவின் தேவை பங்குப் பேரவைக்குப் போக வேண்டுமென்றால் எழுத்தில் கொடுங்கள். பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு (திருச்சபைச் சட்டம் 536), முடிவு பங்குத்தந்தையுடையது. வாய்மொழியாகச் சொன்னது அறிக்கையில் ஏறாது.

தொடர்ந்து மூன்று கூட்டம் வராத வீட்டுக்கு இரண்டு பேர் போய்வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். உடம்பு சௌக்கியமா என்று மட்டும் கேளுங்கள்.