பத்மினி நடுவழியில் நின்றால்: முதல்முறை பானெட்டைத் திறப்பவர்களுக்கு

மும்பையில் விக்ரோலி தாண்டியதும் என் பழைய பிரீமியர் பத்மினி கார் நின்றது. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஏறக்குறைய அதே இடத்தில். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பாகம் வாங்கினேன். முதலில் இன்ஜினுக்குள் பொறி தரும் நான்கு பிளக்குகள், அடுத்த வாரம் காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறி வரும் அளவுக்கு உயர்த்துவது), அதற்கடுத்த வாரம் பாயிண்ட்டும் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) அது தீயாமல் காக்கும் கண்டென்சரும். எல்லாவற்றையும் வாங்கி மாட்டிக்கொண்டு நான்காவது ஞாயிற்றுக்கிழமையும் அது நின்றது.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் டாக்சிகளுக்கு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரப் பெரியவர் ஒருவரிடம் போனேன். மும்பையில் பத்மினி டாக்சிகளின் ஓட்டம் 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், இந்த வண்டியைக் கையால் அறிந்தவர்கள் இப்போது குறைவு. அவர் பானெட்டைத் தொடவே இல்லை. “தம்பி, விளக்கை அணைத்த மாதிரி பொட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு முறை நின்ற வண்டி. நான் ஒருமுறைகூடக் கவனித்திருக்கவில்லை.

இந்த விளக்கம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பாயிண்ட்டும் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். நான் கைவைத்தது 1089 சிசி பத்மினியில்.

முதலில்: எப்படி நின்றது, எப்போது நின்றது

வண்டி நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் பாதித் துப்பு. சத்தமே மாறாமல் சட்டென்று செத்துவிட்டால் மின்சாரப் பக்கம் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகம் எடுக்காமல், குலுங்கி, ஒருமுறை பிழைத்து மறுபடி திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்று இது சொல்லிவிடும்.

இன்னொன்று: நின்றவுடன் சாவியைத் திருப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், சாவி சுவிட்சிலோ அதன் வயரிலோ மின்சாரம் அறுந்திருக்கலாம். காசு செலவில்லாத சோதனை இது.

பிறகு ஒரு சிறு நோட்டில் குறியுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம், சிக்னலில் நிற்கும்போதா ஓட்டத்திலா, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி கிளம்பியது.

தேவையானவை

பிளக் ஸ்பேனர், திருப்புளி, 12 வோல்ட் டெஸ்ட் விளக்கு, ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பழைய துணி, சிறிய தீயணைப்பான். கடைசியில் சொன்னதை வாங்காமல் பெட்ரோல் குழாயில் கைவைக்காதீர்கள். வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளிய பிறகுதான் மற்றதெல்லாம்.

பொறி இருக்கிறதா

நின்ற உடனே செய்ய வேண்டிய சோதனை இது. அரை மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் குற்றவாளி நல்லவனாகிவிடுவான். சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் காயில் ஆறியதும் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் இன்ஜினைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். கார்புரேட்டரிலிருந்தும், பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். கையால் பிடிக்க வேண்டாம், ஷாக் அடிக்கும். நண்பரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘டக் டக்’ என்று கேட்கும்படி பொறி வந்தால் மின்சாரப் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். மஞ்சளாக, நூல்போல மெலிந்து வந்தால் கண்டென்சரையோ காயிலையோ பாருங்கள்.

பொறியே இல்லையா? காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்; பாயிண்ட் இதற்குள்தான்) போகும் மெல்லிய வயர் இருக்கும் முனையில் டெஸ்ட் விளக்கின் ஒரு முனையையும், வண்டியின் இரும்பில் மறுமுனையையும் வையுங்கள். ஸ்டார்ட்டரை இயக்கும்போது விளக்கு மினுக்க வேண்டும். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை. எரியவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: காயிலுக்கு மின்சாரமே வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. காயிலின் மறுமுனையில் விளக்கை வைத்தால் எது என்று தெரிந்துவிடும்: அங்கே எரிந்தால் பாயிண்ட் பக்கம், எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை. பாயிண்ட் இடைவெளி என் வண்டியில் சுமார் 0.45 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து ஃபீலர் கேஜால் அளந்து வையுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீரைக் கடந்த பிறகு நின்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்.

பெட்ரோல் வருகிறதா

முதலில் காயிலுக்கு மின்சாரம் கொண்டுவரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள். பொறியும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் வெளியே இருக்கக் கூடாது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தால் ஆறட்டும். பிறகு கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். பம்ப் இன்ஜினாலேயே இயங்குவது. ஆகவே விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டி, பம்பின் டயஃப்ரம் (பெட்ரோலை இழுக்கும் சவ்வு), டேங்கிலிருந்து வரும் குழாய் என்று பின்னோக்கிப் போங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், துகளாக உதிரும். குழாய்களை விரலால் அமுக்கிப் பாருங்கள்; பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள்.

என் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர் என்னை விக்ரோலி வரை ஓட்டச் சொல்லிக் கூடவே உட்கார்ந்து வந்தார். வண்டி இழுத்து இழுத்து நின்றது. அவர் இறங்கி நேரே பின்பக்கம் போய் பெட்ரோல் மூடியைத் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு மூச்சு. டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம். “இப்போது சாவியைப் போடு” என்றார். இரண்டாவது சுற்றில் கிளம்பிவிட்டது.

இரண்டு மாதம் முன்பு பூட்டு வைத்த, பளபளப்பான புது மூடி ஒன்று வாங்கியிருந்தேன். அதில் காற்றுத் துளை இல்லை. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தால் ரப்பர் ஓரமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். சூட்டில் கெடும் காயிலும் அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்ளும். நான் ஏமாந்தது அங்கேதான்.

சிக்னலில் மட்டும் நின்றால்

ஓடும்போது நன்றாக ஓடி, கால் எடுத்ததும் அணைகிறதா? சோக்கை (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் இழுப்பான்) பாதி இழுங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் கலவையில் பெட்ரோல் குறைவு. ஸ்லோ ஜெட் (கால் எடுத்த நிலையில் பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட் (இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழையும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் அந்த இணைப்பில் தடவுங்கள். இன்ஜின் சத்தம் மாறும் இடத்தில்தான் ஓட்டை. ஜெட்டைக் கழற்றினால் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்தத் திருகைத் திருகினாலும் சரிவராது.

மே மாதத்து நெரிசலில் நின்றால்

சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவதும் உண்டு. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கிளம்பினால் அதுதான். குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, அதே சாலையில், அதே வெயிலில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய மூடியை மாட்டிக்கொண்டு தாணே வரை போய் வந்தேன். கழற்றிய பழைய காயிலும் கண்டென்சரும் இப்போது டிக்கியில் உபரியாகக் கிடக்கின்றன. இரண்டிலும் எந்தக் கோளாறும் இல்லை.