மரச்செதுக்கு அச்சு: எந்த உளி எந்தத் தடத்தைத் தரும்?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொழில் செய்த தாமஸ் பியூயிக் (1753–1828), உலோகத் தகடுகளைப் பொறிப்பதற்கான கூர்உளிகளை மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செலுத்தி, 1797இலும் 1804இலும் வெளிவந்த தம் பறவை நூலின் இரு தொகுதிகளில் இறகின் மென்மையைக்கூட வெண்கோடுகளால் காட்டினார். செதுக்கிய இடம் வெள்ளையாகவும், செதுக்காமல் விட்ட இடம் கறுப்பாகவும் அச்சில் விழும் என்பதே இக்கலையின் அடிப்படை. ஆகவே, படம் எதையும் தொடங்குவதற்கு முன், ஒவ்வோர் உளியின் தடத்தையும் ஒரு பயிற்சிக் கட்டையில் தனித்தனியே பழகுவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

படி 1: கட்டை

பாக்ஸ்வுட் மரமே மிகச் சிறந்தது. ஆனால் விலை அதிகம் என்பதால் பயிற்சிக்கு மேப்பிள் அல்லது பேரிமரக் கட்டை போதும். பலகையாக நெடுக்கில் அறுத்த மரம் இதற்கு உதவாது. குறுக்காக அறுத்து வழுவழுப்பாக இழைத்த முகத்தில்தான் உளி எந்தத் திசையிலும் தடையின்றி ஓடும். முகத்தின் மீது கறுப்பு மையை மெல்லியதாகப் பூசி உலரவிட்டால், வெட்டும் கோடு வெளிர்நிறமாகத் தெரியும்.

படி 2: கூரும் பிடியும்

உளியின் முனைமுகத்தை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் எண்ணெய்க்கல்லில் தீட்டுங்கள். கட்டைவிரல் நகத்தின் மீது மெல்ல வைத்தால் வழுக்காமல் பற்றும் உளியே கூரானது. காளான் வடிவப் பிடியை உள்ளங்கையில் பொருத்தி, கட்டைவிரலைக் கட்டையின் மீது ஊன்றி, உளியைத் தாழ்வாகச் சாய்த்துத் தள்ளவேண்டும். கட்டையைத் தோல் மணல்மூட்டையின் மேல் வைத்தால், வளைகோடு வெட்டும்போது உளியை அசைக்காமல் இடக்கையால் கட்டையையே சுழற்றலாம். இடக்கை விரல்கள் ஒருபோதும் உளிமுனைக்கு எதிரே இருக்கக் கூடாது.

படி 3: தடங்கள்

சாய்சதுர வெட்டுமுகம் உடைய பியூரினை முதலில் எடுங்கள். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும்; ஆகவே மெலிந்து தொடங்கி நடுவில் பருத்து மீண்டும் மெலியும் கோடுகளை வரிசையாக வெட்டிப் பாருங்கள்.

பக்கங்கள் புடைத்த ஸ்பிட்ஸ்டிக்கர் வளைகோடுகளுக்கு உரியது. அதன் முனையை மட்டும் பதித்துச் சட்டென எடுத்தால் கிடைக்கும் சிறு புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் இட்டால், கறுப்பிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக மாறும் சாயல் உருவாகும். ஒரே ஓர் உளிதான் வாங்க இயலும் என்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

டின்ட் உளி ஒரே அகலமுள்ள நேர்கோடுகளைத் தரும். வானம், நீர்ப்பரப்பு, நிழல் ஆகியவற்றின் சாம்பல் நிறம் இத்தகைய இணைகோடுகளின் இடைவெளியால்தான் அமைகிறது. வளைவில் இதைத் திருப்பினால் அதன் பக்கங்கள் கோட்டின் விளிம்பை நசுக்கிவிடும்.

ஸ்கார்ப்பர் வட்டமுனையிலும் சதுரமுனையிலும் கிடைக்கும். வட்டமுனை முட்டைவடிவப் பொட்டுகளையும் அகன்ற கோடுகளையும் தரும். சதுரமுனை பெரிய வெண்பரப்புகளை அகற்ற உதவும். அகற்றும்போது உளியின் அடிப்பகுதி பக்கத்து விளிம்பில் அழுந்தாதபடி, இடையில் ஒரு சிறு அட்டைத்துண்டை வையுங்கள். பல பற்களுள்ள உளியும் உண்டு. அது ஒரே தள்ளலில் பல இணைகோடுகளை இடும். ஆனால் அந்தக் கோடுகளில் கையின் உயிர்ப்பு குறைவு என்பதால் தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

படி 4: அச்சுப்படி

தூசியைத் துடைத்து, கெட்டியான அச்சுமையை உருளையால் மிக மெல்லியதாகப் பூசுங்கள். மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்து, கரண்டியின் பின்புறத்தால் சீராகத் தேய்த்து எடுங்கள். கையால் அச்சிடுவோர் கட்டையின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அச்செழுத்துகளோடு சேர்த்து எந்திரத்தில் அச்சிட மட்டுமே அது எழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். நுண்கோடுகள் அடைபட்டிருந்தால் மை மிகுதி என்று பொருள். கட்டையைத் துடைத்துவிட்டு, குறைந்த மையுடன் மீண்டும் அச்சிட்டு, ஒவ்வொரு தடத்தின் அருகிலும் அதை வெட்டிய உளியின் பெயரைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.