கிளாமிஸ் கோட்டைப் பேய்க்கதைகள்: ஆண்டைக் குறித்துக்கொண்டு கேளுங்கள்

ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியிலுள்ள கிளாமிஸ் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் பேய்க்கதைகளைத் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள். நல்லதுதான். கூடவே ஒரு வேலை செய்யுங்கள்: கதையில் வருகிறவர் இறந்த ஆண்டையும், கதை நடக்கிற இடம் கட்டப்பட்ட ஆண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டைக் கதையையும் நான் இப்படித்தான் படிப்பேன். சில கதைகள் உடனே உதிர்ந்துவிடும். மக்பெத் இங்கேதான் ஸ்காட்லாந்து மன்னர் டங்கனைக் கொன்றான் என்று ஒரு கூடத்தைக் காட்டுவார்கள். டங்கன் 1040-இல் எல்ஜின் அருகே போரில் மாண்டவர்.

இந்தக் கோட்டையின் சீமாட்டியாக இருந்த ஜேனட் டக்ளஸின் கதைக்கு மட்டும் அதிக நேரம் கொடுங்கள். கோட்டையின் சிற்றாலயத்தில் மண்டியிட்டு ஜெபிக்கும் சாம்பல் நிறச் சீமாட்டி இவர்தான் என்பார்கள். அவருக்காக ஓர் இருக்கையை எப்போதும் காலியாக விடுவது அங்கே வழக்கம். எது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். சூனியக்காரி என்று எரிக்கப்பட்டதாகப் பலரும் சொல்கிறார்கள். அவர் எடின்பரோவில் எரிக்கப்பட்டது 1537 ஜூலை 17. ஸ்காட்லாந்தின் சூனியத் தடைச் சட்டமோ 1563-இல்தான் வந்தது. அவர்மேல் சுமத்தியது ராஜத்துரோகம்: ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்கு நஞ்சு வைக்கச் சதி செய்தார் என்று. மன்னரைச் சிறுவயதில் பிடித்துவைத்திருந்த மாற்றாந்தந்தையின் உடன்பிறந்தவர் ஜேனட். அண்ணன்மேல் இருந்த வன்மத்தைத் தங்கையிடம் தீர்த்துக்கொண்டு, கோட்டையையும் பறித்துக்கொண்டார் மன்னர். சூனியம் என்று சொன்னால் இந்த அநியாயம் மறைந்துபோகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அப்புறம், இன்றுள்ள சிற்றாலயம் 1688-இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஜேனட் அதைப் பார்த்ததே இல்லை.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் சாத்தானோடு சீட்டாடி, உலக முடிவுவரை ஆடச் சபிக்கப்பட்ட தாடிக்காரப் பிரபு. அவர் என்று சொல்லப்படும் கிராஃபோர்டு பிரபு 1453-இல் இறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் விளையாடக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே இறுகியது 1560 மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு. பழைய ஆள், புதிய பாவம். கதை பிற்காலத்தில் உருவானது என்றே நினைக்கிறேன்.

கடைசியாக, ரகசிய அறையில் அடைக்கப்பட்ட குழந்தை. 1821 அக்டோபர் 21 அன்று பிறந்து அன்றே இறந்ததாகப் பதிவான, பிரபு குடும்பத்துக் குழந்தை தாமஸ் உண்மையில் பிழைத்தான், உருக்குலைந்திருந்ததால் ஒளித்து வளர்த்தார்கள் என்பது கதை. அந்த அறையைக் கண்டுபிடிக்க விருந்தினர்கள் ஒவ்வொரு ஜன்னலிலும் துண்டு தொங்கவிட்டு, துண்டு இல்லாத ஜன்னலைத் தேடினார்கள் என்றும் சொல்வார்கள். ஆனால் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே ஓர் இரவு தங்கியவர். பிரபு, வாரிசு, அவர்கள் நம்பும் இன்னொருவர் ஆகிய மூவருக்கு மட்டுமே தெரிந்த ரகசிய அறை இங்கே உண்டு என்று எழுதியிருக்கிறார். குழந்தை எதுவும் அதில் இல்லை. அறை முதலில் வந்தது, கைதியைப் பிறகு உள்ளே வைத்தார்கள் என்பது என் முடிவு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் சுவர்களைத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஸ்ட்ராத்மோர் பிரபு குடும்பத்தின் வீடு அது. வழிகாட்டியைக் கேட்காமல் எந்தக் கதவையும் திறக்காதீர்கள்.