ராமர் பாதம்: முதன்முறை ஏறுவோருக்கான செய்முறை விளக்கம்

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, மலையே இல்லாத இராமநாதபுரக் கடற்கரையில், ராமர் பாதம் என்று அழைக்கப்படும் இராமேஸ்வரம் தீவின் மிக உயரமான மேடு கந்தமாதன பர்வதம் என்னும் பெரும்பெயரைத் தாங்கி நிற்கிறது. கொடைக்கானலை மனத்தில் வைத்துக்கொண்டு வருவோர் இங்கே ஏமாந்துபோவர். தட்டையான ஒரு தீவில் சிறிய உயரம்கூட எவ்வளவு காட்டும் என்று அறிய விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. மழைக்காலத்தில்தான் வர முடியும் என்றால், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று செய்தியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கோடையில் வெயிலைத் தவிர வேறொன்றும் நினைவில் நிற்காது.

அடுத்து நேரம். பலரும் விடியற்காலையைப் பரிந்துரைப்பார்கள். நான் மாலையையே சொல்வேன். இராமநாதசுவாமி கோயில் இம்மேட்டுக்குத் தென்கிழக்கில் இருப்பதால், காலையில் சூரியன் ஏறத்தாழ அதே திசையிலிருந்து கண்ணைக் கூசச் செய்யும். கோபுரங்கள் நிழலுருவமாகவே தெரியும். மாலையில் வெளிச்சம் நம் முதுகுப்புறத்திலிருந்து விழுவதால் அவற்றின் அடுக்குகளைக்கூடப் பிரித்தறியலாம். ஆயினும் மேட்டின்மேல் உள்ள மண்டபம் எத்தனை மணிக்கு அடைக்கப்படும் என்பதை அன்றைக்கே விசாரித்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது.

மூன்றாவதாகப் பயணம். கோயிலிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். ஆட்டோ ஓட்டுநரிடம் "கந்தமாதன பர்வதம்" என்பதைவிட "ராமர் பாதம்" என்று சொல்வதே எளிது. போக, வரக் காத்திருப்புடன் சேர்த்துக் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வழியில் சாட்சி அனுமார் கோயில் வரும். சீதையைக் கண்ட செய்தியை அனுமன் இராமனிடம் அடையாளத்துடன் தெரிவித்த இடம் என்று நம்பப்படும் அக்கோயிலுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

மேட்டை அடைந்ததும் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுப் படியேறுங்கள். நண்பகலில் அந்தக் கல் காலைப் பதம் பார்த்துவிடும் என்பதும் நான் மாலையைச் சொல்வதற்கு ஒரு காரணம். இரண்டு அடுக்குள்ள மண்டபத்தில் இராமனுடைய பாதச் சுவடுகள் வழிபடப்படுகின்றன. முதலில் வணங்குவோர் வணங்கட்டும். வரிசையில் நின்றபடி கைப்பேசியை உயர்த்துவது அழகன்று.

இனி, வந்த வேலை. மேல்தளத்தை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வாருங்கள். தென்கிழக்கில் முதலில் கோயிலைக் கண்டுபிடியுங்கள். அதன் கிழக்குக் கோபுரம் 126 அடி உயரம். பிறகு 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தேடுங்கள். தேடவே வேண்டாம், தானாகவே கண்ணில் படும். இவ்விரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால், இடையிலே வீடுகளையும் தென்னைகளையும் குடை விரித்த உடைமரங்களையும் தாண்டித் தீவு எவ்வளவு ஒடுங்கியது என்பது விளங்கும். வடக்கே அருகிலேயே தெரிவது பாக் நீரிணை. தெற்கே தீவுக்கு அப்பால் இருப்பது மன்னார் வளைகுடா. வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கையில் தென்கடல் அடங்கிக் கிடப்பதும், தென்மேற்குக் காற்று வீசுகையில் இது தலைகீழாவதும் இக்கரையார் நன்கறிந்தவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால், விசைப்படகுகளெல்லாம் கரையேறிவிட, கடல் வெறிச்சோடிக் கிடக்கும்.

இராமன் இங்கிருந்து இலங்கையை நோக்கினான் என்பது ஐதிகம். அதைக் கேட்டுவிட்டுத் தொடுவானத்தில் கரையைத் தேடுவோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தனுஷ்கோடி முனையிலிருந்தே தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இந்த மேடோ அதற்கும் வெகுதூரம் பின்னால் இருக்கிறது. தெரிவது கடல் மட்டுமே.

காற்று பலமாக வீசும் நாளில் தொப்பியையும் துப்பட்டாவையும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார வைக்காதீர்கள். வெளிச்சம் முழுவதும் மங்குமுன் இறங்கிவிடுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்ட ஒரு மாலையில், நான் அந்த மூன்று கிலோமீட்டரையும் நடந்தே ஊர் திரும்பினேன்.